முட்டியில் எடுத்த தண்ணீர்

என் முதுகை நான் பார்த்ததில்லை. யாருமே தன் முதுகைப் பார்த்ததில்லைதான். ஆனால் என் முதுகை ஒரு பருவம் முழுக்கத் தினமும் சாயங்காலம் பார்த்தவன் ஒருவன் இருக்கிறான். அங்கே பார்த்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. வருடம் இரண்டு போன பிறகு, என் முட்டியில் ஊசி குத்தி எடுத்த தண்ணீர்தான் அதைச் சொன்னது.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். எழுதுவது எனக்கு அந்த வகையில் சௌகரியம். எதிரில் யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை.

அவனை ஜோடி என்றே எழுதுகிறேன். கோல்டு ஃபீல்ட்ஸில் ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில், ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு எங்களுக்கு. அவன் அப்பாவும் என் அப்பாவும் தங்க மைனில் ஜோடி. அண்டர்கிரவுண்டில் யாரும் தனியாக வேலை செய்ய மாட்டார்கள், இரண்டிரண்டு பேராகத்தான். வெடி வைத்த இடத்துக்குள் திரும்பப் போகும்போது ஒருவன் விளக்கைப் பிடிப்பான், மற்றவன் நீளமான இரும்புப் பாரால் மேல்கல்லைத் தட்டித் தட்டிப் பார்ப்பான். கல் கணீரென்று பேசினால் உறுதி. பொத்தென்று பேசினால் பிளந்திருக்கிறது, விழும். தட்டியவன் 'ஒன்னும் இல்ல' என்று சொன்னால் மற்றவன் அந்தக் கல்லுக்குக் கீழே போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பிப்பான். நிமிர்ந்து பார்க்க மாட்டான், மறுபடி கேட்கவும் மாட்டான். இரண்டாம் தடவை கேட்டால் உன்னை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். அப்படிக் கேட்டு ஜோடி பிரிந்து, பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் லைனிலேயே உண்டு.

மைன்ஸ் மூடும்போது எங்களுக்கு மீசை வந்திருந்தது, வேலை வரவில்லை. மற்றவர்களைப் போலவே விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் வெல்டிங் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தோம். அங்கேயும் ஜோடிதான். அவன் டார்ச் பிடித்தால் நான் இரும்பைப் பிடிப்பேன். அவன் நன்றாகப் பேசுவான். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. சம்பளம் கேட்பது, லீவு கேட்பது, ஏன் பெண் பார்க்கப் போனபோது என் சார்பில் நாலு வார்த்தை பேசியதுகூட அவன்தான். என் மனைவி இன்றும் சொல்லுவாள், 'அந்தண்ணாவ மாப்பிள்ளன்னு நெனச்சிதான் நான் தலையாட்டினேன்' என்று.

அப்புறம் காட்டு வேலை வந்தது. யானைகள் ஊருக்குள் வராமல் இருக்க, காட்டின் ஓரமாகப் பழைய தண்டவாளங்களை நட்டு, குறுக்கே தண்டவாளம் வைத்துப் பிணைத்து வேலி போடும் வேலை. மைசூருக்கும் அந்தப் பக்கம். கான்ட்ராக்டர் எங்கள் ஊர் ஆட்களைத்தான் தேடி வந்தார். இரும்பைத் தூக்கவும் வெட்டவும் கோல்டு ஃபீல்ட்ஸ்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பார். காட்டோரத்திலேயே தகர ஷெட் போட்டுத் தங்கினோம்.

யானையைக்கூட நாங்கள் இரண்டு முறைதான் பார்த்தோம். உண்ணிதான் எங்களைத் தினமும் பார்த்தது. இடுப்பளவு புதர், புல், அதற்குள் குழி தோண்டி நிற்கும்போது எங்கே ஏறுகிறது என்றே தெரியாது. சில உண்ணிகள் மிளகு அளவு, சில கடுகைவிடச் சின்னது, மச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சட்டையைக் கழற்றி ஜோடி ஜோடியாக நிற்போம். ஒருவன் முதுகை ஒருவன் பார்த்து, இருந்தால் கிள்ளி எடுத்து அடுப்பில் போடுவோம். பட்டென்று வெடிக்கும். ஒரே கேலியாக இருக்கும். என் முதுகில் உண்ணி அதிகம் ஏறும். 'பேசாத ஆளுன்னு அதுக்கும் தெரிஞ்சிகீது, கடிச்சா சத்தம் போட மாட்டான்னு வருது' என்பான் ஜோடி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

காட்டிலாகாக் காவலர் ஒருவர் எங்களிடம் கன்னடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உண்ணியால் குரங்குக் காய்ச்சல் வரும், காய்ச்சலோ உடம்பில் தடிப்போ யாருக்கு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மறைத்தால் கேம்ப்பையே மூடிவிடுவோம் என்றார். அப்போதிருந்த மேஸ்திரி வயதானவர், அந்த வேலையோடு நின்றுவிடப் போகிறவர். அடுத்து ஜோடிதான் மேஸ்திரி என்று கான்ட்ராக்டர் வாயாலேயே சொல்லியிருந்தார். மழைக்கு முன்னால் எங்கள் பகுதி வேலி முடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஒரு சாயங்காலம் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவன், வலது தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்து நிறுத்தினான். அந்த விரல் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெல்டிங் பொறி பட்டுக் காய்த்துப்போன விரல்.

'அரிக்குதா?' என்றான்.

இல்லை என்றேன். வலிக்குதா என்று கேட்டான். இல்லை என்றேன்.

'ஒன்னும் இல்ல. சட்டையப் போட்டுக்க.'

போட்டுக்கொண்டேன். அடுத்தடுத்த சாயங்காலங்களிலும் 'ஒன்னும் இல்ல' என்றான், நான் மறுபடி கேட்கவில்லை. ஷெட்டில் முகம் பார்க்க ஒரு உள்ளங்கையளவு கண்ணாடி தொங்கியது. அதைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சில நாள் கழித்து உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் இருந்தது. தண்டவாளம் தூக்கிய அலுப்பு என்று நினைத்தேன். ஜோடியும் அதைத்தான் சொன்னான். யாரிடமும் சொல்லாதே, தூங்கினால் சரியாகிவிடும் என்றான். சரியாகிவிட்டது.

மழைக்கு முன்னால் வேலி முடிந்தது. ஜோடி மேஸ்திரி ஆனான். ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டில் கோழி அடித்து அவனுக்குச் சாப்பாடு போட்டோம்.

அதற்கப்புறம் பல மாதம் கழித்து இடது முட்டி வீங்கியது. அது ஒரு விசித்திரமான வீக்கம். வலி கொஞ்சம், வீக்கம் அதிகம். காலையில் பார்த்தால் உள்ளே தண்ணீர்ப் பை வைத்துத் தைத்தது மாதிரி உப்பியிருக்கும். அமுக்கினால் குலுங்கும். சில வாரத்தில் தானாக வற்றும், நான் சந்தோஷப்படுவேன், மறுபடி வந்துவிடும். முழுசாக மடக்க முடியாது. தண்டவாளத்தின் ஒரு முனையைத் தூக்கி எழுந்திருக்க முட்டி வேண்டும். எனக்கு அது இல்லாமல் போனது.

எங்கள் ஊரில் முட்டி வீங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்பா, தாத்தா எல்லோரும் தாழ்வான இடத்தில் முட்டி போட்டு, ஈரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். எல்லோருடைய முட்டியும் போய்விட்டிருந்தது. என் அப்பா கடைசிக் காலத்தில் இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் எழுந்திருப்பார். எங்கள் ஊர்க் கடைவீதியான ஆண்டர்சன்பேட்டையில் டீக்கடைக்கு நான் நொண்டிக்கொண்டு போனபோது ஜோடிதான் முதலில் சொன்னான்: 'இது அவங்க அப்பா முட்டி. அப்படியே எறங்கிகீது.' மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயரும் ஆயிற்று. 'இன்னாடா அப்பா முட்டி, கேஜ் இன்னும் மேல வரலியா?' என்று, மைனில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நானும் நம்பினேன். அப்பா மைனில் கீழே இறங்கினார், நான் இறங்கியதேயில்லை. கீழே இறங்காதவனுக்கு அந்த முட்டி எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அப்பா போட்டோ இருக்கிறது. படி ஏற முடியாத நாட்களில் அதைப் பார்த்து, நீ வைத்துவிட்டுப் போனது இது ஒன்றுதானா என்று மனசுக்குள் கேட்டிருக்கிறேன்.

உள்ளூர் டாக்டர் முட்டியில் ஊசி போடுவார். வீக்கம் வடியும், திரும்ப வரும். எண்ணெய் தேய்த்தோம், மருந்துப் பத்து போட்டோம். அடுத்த வேலி வேலைக்கு ஆட்களைக் கூட்டும்போது ஜோடி என்னைச் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து தோளில் கை போட்டு, முட்டி சரியாகட்டும், உன் இடம் உனக்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என் மனைவியிடம் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தானே செய்திருப்பேன், நொண்டிக் காலை வைத்துக்கொண்டு எப்படிக் கூட்டிப் போவது என்று அவனுக்காக நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி பெங்களூரில் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். அவள்தான் ஒருநாள் லீவு போட்டு என்னை ரயிலில் ஏற்றி அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எலும்பு டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு முட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு கனமான வேலை செய்ய முடியாது என்றும் சொன்னார். எனக்குக் கனமான வேலை தவிர வேறு வேலை தெரியாது. தலையாட்டினேன். அறுப்பதற்கு முன்னால் மூட்டு வியாதிகளைப் பார்க்கும் வேறொரு டாக்டரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அவர் சின்ன வயதுப் பெண். கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினார். என்னைப் பார்த்துக் கேட்டார், என் மனைவியைப் பார்த்து இல்லை. பதில் வர நேரமானாலும் காத்திருந்தார். இத்தனை வருடம் எங்கே என்ன வேலை செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காட்டு வேலி என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

'உண்ணி கடிச்சிதா?'

தினமும் என்றேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்தச் சமயத்தில் உடம்பில் எங்காவது வட்டமாகச் சிவந்து, நாளாக ஆகப் பெரிதாகிற மாதிரி ஒரு தடிப்பு வந்ததா? அரிக்காது, வலிக்காது, தானாகவே மறைந்துவிடும் என்றார்.

இல்லை என்றேன். சொன்னதும் முதுகில் அந்த விரல் மறுபடி வந்து நின்றது. அரிக்குதா, வலிக்குதா என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. ஆனால் அவன் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறானே. மறுபடியும் இல்லை என்றேன்.

லைம் என்று ஒரு நோய் இருக்கிறது என்றார் டாக்டர். உண்ணி கடித்து ஒரு கிருமி உள்ளே போகும். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு மூட்டில் போய் உட்காரும். பெரும்பாலும் முட்டி. வெளிநாட்டில் சாதாரணம், நம் நாட்டில் அபூர்வம், அதனால் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் பார்த்தார்கள், ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வந்தது. கடைசியில் முட்டியில் இருக்கும் தண்ணீரிலேயே பார்த்துவிடலாம் என்றார்.

படுக்க வைத்து, முட்டியைக் குளிர்ந்த மருந்தால் துடைத்து, பக்கவாட்டில் ஊசியை இறக்கினார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பருப்பு வேகவைத்த தண்ணீர் மாதிரி மஞ்சளாக, கலங்கலாக இருந்தது. இவ்வளவும் எனக்குள்ளா இருந்தது என்று பார்த்தேன். ஒரு குழாயில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, இன்னொரு குழாய் இந்தக் கிருமிக்கு. கிருமி மிகக் கொஞ்சமாக இருக்கும், கண்ணுக்கோ சாதாரண பரிசோதனைக்கோ அகப்படாது, ஆனால் அதன் மரபணுத் துண்டு ஒன்றிரண்டு தண்ணீரில் இருந்தாலும் போதும், மெஷின் அதையே திரும்பத் திரும்பப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடும் என்று விளக்கினார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. மலையளவு கல்லை இடித்துப் பொட்டு அளவு தங்கம் எடுத்த ஊரில் பிறந்தவன் நான்.

ஆனால் அந்தக் குழாயை எல்லா இடத்திலும் பார்க்க மாட்டார்கள், வெளியூருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பச் சொல்ல அவர் தன் பெரிய டாக்டரிடம் காரணம் காட்ட வேண்டும். அந்த வட்டத்தை யாராவது பார்த்திருந்தால் பேச்சே வேண்டாம் என்றார். கூட வேலை செய்தவர்களைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். அதுவரை குழாய் ஃப்ரீசரில் இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்றால் பெரிய டாக்டர் அறுப்பதற்கே நாள் குறித்துவிடலாம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் ரயிலில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். காட்டிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது முதுகில் எதுவும் இல்லை, எண்ணெய் தேய்த்து விட்டவள் அவள். அதற்கு முன்னால் பார்த்தவன் ஒருவன்தான் என்று அவளுக்கும் தெரியும்.

'அந்தண்ணாகிட்ட நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?' என்றாள்.

நானே கேட்கிறேன் என்றேன். கேட்பது என்றால் இரண்டாம் முறை கேட்பது. அது அவளுக்குத் தெரியாது.

ஆண்டர்சன்பேட்டையில் அதே டீக்கடையில்தான் இருந்தான். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், சுற்றிலும் அடுத்த வேலைக்குப் போக வேண்டிய ஆட்கள். அப்பா முட்டி வருது, எடம் வுடுங்க என்று யாரோ கத்தினார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றதும் ஜோடி எழுந்து வந்தான். சர்ச் மதில் ஓரமாக நின்றோம். முட்டியைத் திறக்கப் போகிறார்கள் என்பதையும், திறந்தால் எனக்கு வேலை இல்லை என்பதையும், டாக்டர் கேட்டதையும் சொன்னேன். எனக்கு வியர்த்து ஊற்றியது. ஒரு நாள் விரலை வைத்து நிறுத்தினாயே, அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. என் தோளில் கை போட்டான்.

'இன்னா மச்சான், எங்கிட்டயே கேக்கற? இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?'

அவமானமாக இருந்தது. மன்னிச்சிக்கடா என்று சொன்னது நான். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியைத் திட்டினேன். உன்னால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு வந்தேன் என்று சத்தம் போட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போய், யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். எல்லோருக்கும் அந்த வட்டம் வருவதில்லை, சிலருக்கு வராமலே இருக்கும் என்றார். காட்டையும் உண்ணியையும் வைத்தே பெரிய டாக்டரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும், குழாயை அனுப்பிவிட்டார். அறுவைக்கு நாள் கொடுக்கச் சொன்னதைத் தள்ளி வைத்தார்கள். பிறகு போன் வந்தது. என் முட்டித் தண்ணீரில் அந்தக் கிருமியின் மரபணு இருக்கிறது. காசநோய் இல்லை. அறுக்க வேண்டாம். ஒரு மாதம் மாத்திரை, வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். துடைத்து வைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் மெள்ள வற்றியது, இந்த முறை திரும்பி வரவில்லை. ஆனால் முட்டி பழைய முட்டி ஆகவில்லை. இத்தனை மாதம் உள்ளே தண்ணீர் நின்றதில் மூட்டு கொஞ்சம் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நடக்கலாம், படி ஏறலாம், கனம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அந்த வட்டம் வந்து, அப்போதே யாராவது பார்த்துக் கூட்டி வந்திருந்தால், கொஞ்ச நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும், முட்டி வரைக்கும் போயிருக்காது என்று சாதாரணமாகத்தான் சொன்னார். உங்களுக்கு அது வரவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். ஆமாம் என்றேன். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. உண்ணி மேல் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அப்படியே இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோடி வீட்டுக்கு வந்தான். எனக்கு என்ன வியாதி என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. வழக்கம்போல வாசலிலேயே கேலி பேசிக்கொண்டு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். உட்காரும்போது ஒரு கையை ஊன்றினான். அதை நான் கவனித்தேன்.

நிச்சயமா உண்ணிதானா என்றான். நிச்சயம் என்றேன். தண்ணீரில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். தப்பாக இருக்க வழியில்லையா என்றான். மாத்திரையில் வற்றிவிட்டதே என்றேன். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள், அவன் எடுக்கவில்லை.

'அந்த வட்டமா இவ்ளோ செஞ்சிது?' என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த வட்டம் என்று கேட்டேன்.

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாசர் அளவு இருந்தது. நடுவில் சிவப்பு, சுற்றி வெளுப்பு, அதைச் சுற்றி மறுபடி சிவப்பு. முதல் நாள் சின்னதாக இருந்தபோது படர்தாமரை என்று நினைத்தானாம்.

'அப்புறம்?'

'அப்புறம் பெருசாச்சு.'

'தெனமும் பார்த்தியா?'

'பார்த்தேன்.'

'தெனமும் ஒன்னும் இல்லன்னியே.'

'சொல்லியிருந்தா கேம்ப்ப மூடியிருப்பான்டா. மேஸ்திரி வேல இன்னா ஆவறது? நீயும்தான வேலய வுட்டுட்டு வந்திருப்ப. தானா மறஞ்சி போச்சு இல்ல, சரி போயிடிச்சின்னு வுட்டுட்டேன்.'

'சர்ச்சாண்ட கேட்டனே.'

அன்று சொல்லியிருந்தால் அப்போது ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டிருப்பேன், விஷயம் கான்ட்ராக்டர் காதுக்குப் போயிருக்கும் என்றான். பிறகு, உனக்கு அறுத்தாவது சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றான்.

நான் கத்தவில்லை. கத்தத் தெரியாது. எனக்கு ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் இல்லை. அந்த வட்டம் கடுகிலிருந்து சாசர் ஆகி, வெளுத்து, மறைகிற வரைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பார்த்துக்கொண்டே உண்ணி எடுத்திருக்கிறான், பார்த்துக்கொண்டே கேலி பேசியிருக்கிறான். மற்றவர்களும் என்னோடு சிரித்தார்களே, அப்போதெல்லாம் அவர்கள் கண்ணில் படாமல் என் முதுகைத் தன் பக்கமாகவே திருப்பி நிறுத்திக்கொண்டானோ என்று இப்போது தோன்றுகிறது. டீக்கடையில் அப்பா முட்டி என்று முதலில் சொன்னதும் அவன்தான். அதைச் சொன்ன பிறகு வேறு காரணம் யார் தேடுவார்கள்? செத்துப்போன என் அப்பா மேல் அதைத் தூக்கி வைத்துவிட்டான். நானும் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு வைத்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவும் எதற்குச் சொல்ல வந்தான் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வரவில்லை. பேண்டைச் சுருட்டி வலது முட்டியைக் காட்டினான். லேசாக உப்பியிருந்தது. காலையில் விறைத்துப்போகிறது என்றான்.

'என் முதுக நீதான பார்த்த. எதனா இருந்துச்சா, அந்த மாதிரி?'

நான் யோசித்தேன். நேர்மையாகவே யோசித்தேன். அவன் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். இடுப்புக்கு மேலே ஒரு மச்சம், கழுத்துக்குக் கீழே பொறி பட்ட தழும்பு வரிசையாக மூன்று. எடுத்த உண்ணிகள்கூட ஞாபகம் இருக்கிறது. வட்டம் எதுவும் நான் பார்த்ததில்லை.

'இல்ல. இருந்தா சொல்லியிருப்பேன்.'

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே சொல்கிறேனா, கோபத்தில் மறைக்கிறேனா என்று தேடுகிறான் என்று தெரிந்தது. வட்டம் வராமலும் இந்த நோய் வரும், அதனால் நான் சொல்வதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே, டாக்டரிடம் போய் முட்டித் தண்ணீரைக் காட்டு என்றேன். எந்த நாளில், எந்த ஓ.பி.யில் அவர் இருப்பார் என்பதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுந்தான். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினான். மாட்டியவன் நின்றான்.

'நல்லா நெனச்சி சொல்லு மச்சான். நெஜமா ஒன்னும் இல்லியா?'

அவன் அப்பாவோ என் அப்பாவோ தங்கள் ஜோடியிடம் இப்படி இரண்டாம் முறை கேட்டதில்லை. சர்ச் மதில் ஓரத்தில் நான் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனுக்குக் கூசியதாகத் தெரியவில்லை.

இல்லை என்று மறுபடி சொன்னேன்.

அவன் சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான், நல்ல வெயிலில், லைனில் எல்லோரும் பார்க்க. இப்போது பார்த்து என்ன பிரயோஜனம்? அப்போது வந்திருந்தாலும் எப்போதோ மறைந்துபோயிருக்கும், அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன். மச்சம் இருந்தது, மூன்று தழும்பும் இருந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

அவன் சட்டையை இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

'தங்கச்சி, நீ கொஞ்சம் வந்து பாரும்மா.'

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் முதுகைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

'ஒன்னும் இல்லண்ணா' என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவன் சட்டையை இறக்கினான்.